எதற்கும் வாக்குத் தராத பக்கம்

என் மகளுக்கு ஓட்டிசம் என்று சொன்ன டாக்டர் நல்ல மனிதர். கிளினிக்குக்கு வெளியே உட்காரும் வாங்கு நிறையப் பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தும் அவர் என்னை அவசரப்படுத்தவில்லை. எழும்பும்போது மட்டும், இன்டர்நெட்டில் கண்டதையெல்லாம் பார்க்க வேண்டாம் என்றார். அப்படியானால் எதைப் பார்ப்பது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பேச்சுப் பயிற்சிக்கு ஒரு துண்டு எழுதித் தந்தார். வெளியே துண்டை வாங்கிப் பதிந்த பெண், முறை வர மாதக்கணக்காகும் என்றார். அந்த மாதங்களை நான் என்ன செய்வது? எங்கள் ஊர் சாய்ந்தமருதுக்குத் திரும்பும் வழியில், ஓட்டோவுக்குள்ளேயே, பார்க்க வேண்டாம் என்றதைப் பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

முதலில் நான் எழுதிக் கேட்டது, ஓட்டிசம் குணமாகுமா என்றுதான். வேறு என்ன கேட்பாள் ஒரு தாய்? அந்த ஒரு கேள்வியோடு என் போனுக்கு நான் யாரென்று பிடிபட்டுவிட்டது. அதன் பிறகு அது குணமாக்குபவர்களை மட்டுமே தேடித் தேடிக் கொண்டுவந்து நிறுத்தியது. எல்லாரும் தமிழில், உருக்கமாக, பின்னால் புல்லாங்குழல் ஒலிக்கப் பேசினார்கள். ஒருவர் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் போட்டிருந்தார். ஓட்டிசத்தை நெஞ்சில் வைத்துக் கேட்க முடியுமா என்று இன்றைக்குக் கேட்பேன். அன்றைக்குக் கேட்கவில்லை.

என் கணவர் கட்டாரில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்கிறார். மகள் நடக்கப் பழகுவதற்கு முன்னமே போனவர். போனில் அவருக்கு விஷயத்தைச் சொன்னேன். அடுத்த நாள் முதல் வீடியோக்கள் வரத் தொடங்கின. சுபஹு தொழுகைக்கு எழும்பிப் போனைத் திறந்தால் வரிசையாக நிற்கும். பிள்ளையைத் தூக்கிக் கொஞ்ச முடியாத மனிதர் இதையாவது செய்கிறாரே என்று ஒன்றும் விடாமல் பார்த்தேன். பால் சாமான் முழுவதையும் நிறுத்தச் சொல்லி ஒரு வீடியோ. ஒட்டகப்பால் கொடுத்தால் பிள்ளை பேசும் என்று இன்னொரு வீடியோ. இரண்டையும் அனுப்பியவர் ஒரே ஆள், ஒரே நாளில். போதாததற்கு ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒட்டகப்பால் மாவும் கொடுத்துவிட்டிருந்தார்.

ஊரிலும் ஆலோசனைக்குக் குறைவில்லை. கண்ணூறு என்றார்கள். கார்ட்டூன் காட்டியதால் வந்தது என்றார்கள். ஓதிய தண்ணீர் கொண்டுவந்து தந்தார்கள். தண்ணீரை மகள் குடித்தாள், அதனால் அவளுக்கு ஒரு கெடுதியும் இல்லை. கெடுதி என்றால் என் களைப்புத்தான். வந்தவர்களுக்கெல்லாம் தேநீர் ஊற்றி, அவர்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டி, அவர்கள் போன பிறகு கோப்பைகளைக் கழுவியவள் நான்.

மகள் சாப்பிடுவது இரண்டு சாமான்தான். தயிரில் பிசைந்த சோறு, கரை பிய்த்த பாண். தயிர் என்றால் எருமைத் தயிர், மெயின் ரோட்டில் சட்டி சட்டியாக அடுக்கி வைத்திருப்பார்களே, அது. கறியின் வாசம் பட்ட கையால் ஊட்டினாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பாலும் கோதுமையும்தான் இந்தப் பிள்ளைகளின் மூளைக்கு நஞ்சு என்று ஸ்டெதஸ்கோப்காரர் சொன்னபோது, அவளுடைய இரண்டு சாமானையும் சேர்த்துத்தான் சொல்கிறார் என்பது எங்களுக்கு விளங்காமல் இல்லை. அதனால்தான் நம்பினோம். இரண்டையும் நஞ்சென்று சொல்கிறாரே, சரியாகப் பிடித்துவிட்டார் என்று நினைத்தோம். ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து கணவர் போன் எடுத்தபோது, நிறுத்திப் பார்ப்போம் என்று பேசி முடித்தோம்.

முதலில் அழுதாள். அரிசி மா ரொட்டி சுட்டேன், எறிந்தாள். ஒட்டகப்பாலைக் கரைத்துக் கொடுத்தேன், வாயை இறுக்கிக்கொண்டாள். பிறகு அழுவதை நிறுத்தினாள். எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். அவளுக்கு எதையும் கையால் காட்டிக் கேட்கத் தெரியாது. வேண்டியதை எடுக்க என் கையைப் பிடித்து இழுத்துப் போய் அதன் மேல் வைப்பாள். அப்படி என் கையை இழுத்துப் போய்ப் பிரிட்ஜ் கதவில் வைத்தாள். திறந்தேன். தயிர்ச்சட்டி இருக்கும் இடத்தைப் பார்த்தாள். என் கையை எடுத்து அந்த வெறும் தட்டில் வைத்தாள். எடுத்துத் தா என்று.

வீடியோவின் கீழே என்னைப் போன்ற தாய்மார் கேள்வி எழுதியிருந்தார்கள். நஞ்சு வெளியேறும்போது அப்படித்தான் இருக்கும், விட்டுவிடாதீர்கள் என்று பதில் போட்டிருந்தார் ஸ்டெதஸ்கோப்காரர். பதிலுக்குக் கீழேயே அவர் விற்கும் பொடியை வாங்க ஒரு போன் இலக்கம். பிள்ளையின் தோள் எலும்பு சட்டைக்கு மேலே தெரியத் தொடங்கியிருந்தது. அன்றைக்குத்தான் குணமாகுமா என்பதை விட்டுவிட்டு வேறு கேட்டேன். ஓட்டிசம் உள்ள பிள்ளை சாப்பிடுவதில்லை, என்ன செய்வது என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினேன்.

வந்த பக்கம் பார்க்கவே அழுதுவடிந்தது. படமில்லை, பாட்டில்லை. தமிழாக்கும் பொத்தானை அழுத்தினால் எழுத்துத்தான் தமிழாக இருந்தது, விளங்கவில்லை. பள்ளியில் ஏ.எல் வரை படித்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு, தெரியாத சொல்லுக்கெல்லாம் அர்த்தம் தேடி, ஒவ்வொரு வரியாக வாசித்தேன். யார் எழுதியது, யார் சரிபார்த்தது, கடைசியாக எப்போது திருத்தியது என்று கீழே போட்டிருந்தது. எதை வைத்துச் சொல்கிறார்கள் என்றும் இருந்தது. விற்க ஒன்றுமில்லை. இந்தச் சாப்பாட்டை நிறுத்தினால் ஓட்டிசம் மாறும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை, கொஞ்சமாகச் சாப்பிடும் பிள்ளையிடம் வைத்தியரைக் கேட்காமல் எதையும் பிடுங்க வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். ஓட்டிசத்தை மாற்றும் மருந்து இல்லை என்றும் எழுதியிருந்தார்கள். பல இடங்களில், இது எங்களுக்கு இன்னும் தெரியாது என்று இருந்தது.

தெரியாது என்று சொல்பவரை அத்தனை மாதத் தேடலில் நான் கண்டது அதுதான் முதல் தடவை. நன்றி சொல்லியிருக்க வேண்டும். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. பொய் சொன்னவர்கள் எல்லாரும் எனக்கு ஆறுதல் சொன்னார்களே, உண்மை சொல்கிறவருக்கு ஒரு நல்ல வார்த்தை எழுதக்கூடாதா என்று போனைக் கவிழ்த்து வைத்தேன்.

முறை வராமலேயே மகளைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். அதே டாக்டர்தான். மகளின் எடையை நிறுத்துப் பார்த்தார், முகம் மாறியது. ஏசுவார் என்று நின்றேன், ஏசவில்லை. போகும்போதே தயிர் வாங்கிக்கொண்டு போகச் சொன்னார். போனை நீட்டினேன். அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை நிதானமாக வாசித்துவிட்டு, இதைப் பார்க்கலாம் என்றார். வழியில் ஓட்டோவை நிறுத்தித் தயிர் வாங்கினேன். சட்டியின் மேல் கட்டியிருந்த தாளை வீடு வரும்வரை மகள் விடாமல் தடவிக்கொண்டு வந்தாள். சாப்பிடும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் காட்டவில்லை, அழுதுகொண்டிருந்தேன்.

கணவரிடம் சொல்லுவதுதான் மிச்சம். அந்த வெள்ளிக்கிழமை அவர் எடுத்ததும் அந்தப் பக்கத்தைத் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்துக் காட்டினேன். முடிந்த பிறகுதான் கேட்டார்.

"அப்ப மருந்து இல்லையா புள்ள?"

"இல்ல."

இந்தியாவில் ஏதோ ஓர் இடத்துக்கு மகளைக் கொண்டுபோவதற்காகத்தான் அவர் ஒப்பந்தத்தை இன்னொரு தடவை நீட்டியிருந்தார். அது எனக்குத் தெரியும். அந்த ‘இல்லை’யைச் சொல்ல வெள்ளிக்கிழமை வரை எனக்குத் தைரியம் வராததும் அதனால்தான்.

"அப்ப நான் இஞ்ச என்னத்துக்கு நிக்கிறன்?" என்றார்.

பிள்ளையோடு நிலத்தில் இருங்கள், அது பார்ப்பதை நீங்களும் பாருங்கள், அவசரப்படாமல் காத்திருங்கள் என்று பக்கத்தின் கடைசியில் எழுதியிருந்ததை அவருக்குத் திரும்ப வாசித்தேன். பிறகு எனக்குப் பட்டதைச் சொன்னேன்.

"இதுல எழுதியிருக்கிறது எல்லாத்துக்கும் ஆள்தான் வேணும்."

அவர் போனை வைத்துவிட்டார். அந்தக் கிழமை முழுவதும் ஒரு வீடியோவும் வரவில்லை. கோபம் என்று நினைத்தேன். சமாதானப்படுத்தவும் எனக்குத் தெம்பில்லை.

அடுத்த வெள்ளி எடுத்தார். ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு வர எழுதிக் கொடுத்திருக்கிறாராம், கம்பனி விடுவதற்குச் சில மாதம் போகுமாம். பிறகு, அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கச் சொன்னார். மருந்தைப் பற்றி ஏதும் மாற்றி எழுதியிருக்கிறார்களா என்று கேட்டார். ஒரு கிழமையில் என்ன மாறிவிடும் என்று நினைத்துக்கொண்டே பக்கத்தைத் திறந்தேன். கீழே இருந்த திகதியைப் பார்த்தேன்.

"ஒண்டும் மாத்தல்ல" என்றேன்.

"சரி" என்றார். "போன நிலத்துல வை. புள்ள எதப் பாக்கிறா எண்டு நானும் பாக்கிறன்."

மகள் தயிர்ச்சட்டியின் தாளைத் தடவிக்கொண்டிருந்தாள். போனைச் சட்டியில் சாய்த்து வைத்தேன்.