பூஜைக்கு வைத்த கீபோர்டு

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. காலில் அட்டை ஏறினால் பிடுங்கப் பயந்து, அது வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தானாக விழும்வரை கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்கிற ரகம். வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்துவிட்டு அட்டைக்குப் பயந்தால் எப்படி? என் தங்கை வந்து ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு விரட்டுவாள். என்னைவிட மூன்று வயது சின்னவள். அவளுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது.

அப்படிப்பட்ட என்னை எழுபதுகளின் கடைசியில், பாலக்காட்டுக்குக் கிழக்கே வால்வு செய்கிற ஒரு கம்பெனியில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். நான் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள். ஆபீசில் மூன்று டைப்பிஸ்டுகள். மற்ற இருவரும் நிரந்தரமானவர்கள். அந்த மெஷின் பக்கமே வரமாட்டோம் என்று சொல்லும் தெம்பு அவர்களுக்கு இருந்தது. எனக்கு ஒரு வருஷப் பிரொபேஷன். போ என்றால் போகத்தானே வேண்டும்?

ஏ.சி. போட்ட கண்ணாடி அறை. செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். ஒரு ஆள் உயரத்துக்கு இரும்பு அலமாரி மாதிரி கம்ப்யூட்டர், அதற்குப் பக்கத்து மேஜையில் திரை, திரைக்கு முன்னால் கீபோர்டு. கீபோர்டிலிருந்து சுருள் சுருளாக ஒரு ஒயர் போய்த் திரையின் முதுகில் சொருகியிருக்கும். ஸ்டோரில் என்ன சாமான் இருக்கிறது, என்ன தீர்ந்துபோனது என்பதை நான் அதில் அடித்து ஏற்ற வேண்டும். மெஷினைப் பூட்டிக் கொடுத்த இன்ஜினியர் பெங்களூருக்குத் திரும்பிப் போகும்போது என்னிடம் இரண்டே விஷயம் சொன்னார். கீயை மெதுவாக அடி. சொருகியிருக்கிற எதையும் கழற்றாதே, ஏதாவது ஆனால் தந்தி கொடு. நான் தலையை ஆட்டினேன். கழற்றுவதா, அதன் பக்கத்தில் கை வைப்பதற்கே எனக்கு உள்ளங்கை வேர்க்கும். எங்கள் டீ ஃபாக்டரியில் கரண்ட் அடித்துத் தூக்கியெறியப்பட்ட ஒருவரைப் பத்து வயதில் பார்த்திருக்கிறேன்.

மெஷினைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. தை மாதம் அப்பாவுக்கு ரிட்டயர்மென்ட். வீட்டில் ஒருத்தராவது எஸ்டேட் செக்ரோலில், அதாவது ஆள் பதிவேட்டில், பேர் போட்டு வேலைக்கு இறங்கவில்லையென்றால் லயத்து வீட்டைக் காலி செய்துகொடுக்க வேண்டும். அம்மா ஆஸ்துமாக்காரி, முன்பே நின்றுவிட்டாள். மிச்சம் தங்கை. அவள் நர்ஸ் படிப்புக்கு மனுப் போட்டு, இடமும் கிடைத்து, மாசி மாதம் சேர வேண்டியவள். ஐப்பசிக் கடைசியில் என் பிரொபேஷன் முடியும். வேலை உறுதியானால் கம்பெனி குவார்ட்டர்சில் ஒரு வீடு கொடுப்பார்கள். எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம். உறுதியாகாவிட்டால் தங்கை கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து கிள்ளப் போக வேண்டும். இதற்கு நடுவில் வேறு வழி கிடையாது. நான் அடித்த ஒவ்வொரு எழுத்தையும் இந்தக் கணக்கோடுதான் அடித்தேன்.

அந்த வருஷம் சரஸ்வதி பூஜைக்கு ஆபீசில் ஒரே அமர்க்களம். கேரளத்து வழக்கப்படி அஷ்டமி சாயங்காலமே புத்தகம், ஆயுதம் எல்லாவற்றையும் பூஜைக்கு வைத்துவிடுவார்கள். விஜயதசமி காலையில் எடுக்கும்வரை யாரும் தொடக் கூடாது. ஏற்பாடு முழுக்க எங்கள் அட்டெண்டர் அண்ணன் கையில். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துக்காரர், நாற்பது வயதிருக்கும், கொங்குத் தமிழ் பேசுவார். டைப்ரைட்டர் இரண்டும் சுமந்து வந்தாயிற்று, டிராயிங் ஆபீஸ் ஸ்கேல் வந்தாயிற்று, ஸ்டோர்க்காரரின் சாவிக்கொத்துகூட வாழையிலையில் ஏறிவிட்டது. அவர் கண்ணாடிக் கதவைத் தட்டினார்.

"ஏனுங்க அம்மிணி, எல்லாத்தோடதும் வந்துருச்சுங்க. உங்களுது எங்கீங்க?"

அலமாரியையா தூக்கிக்கொண்டு போக முடியும்? இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மற்ற டைப்பிஸ்டுகள் இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அத்தோடு, பிரொபேஷன் முடிகிற வருஷத்தில் என் ஆயுதம் மட்டும் சரஸ்வதிக்கு முன்னால் போகவில்லையென்றால் என்ன ஆகுமோ என்ற பயம் வேறு. ஒரு பயம் இன்னொரு பயத்தை ஜெயித்துவிட்டது. மெஷினை அணைத்தேன். திரைக்குப் பின்னால் கையை விட்டு, சொருகியிருந்த ஒயரின் உருண்டை மூக்கைப் பிடித்து இழுத்தேன். சனியன், அவ்வளவு சுலபமாகக் கையோடு வந்துவிட்டது.

கீபோர்டை இலையில் வைத்தேன். அண்ணன் சந்தனம் தொட்டு, குங்குமம் இட்டு, ஒரு செம்பருத்தியும் வைத்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் நவமி, விடுமுறை. ஹாஸ்டலில் எல்லாருடைய புத்தகமும் பேனாவும் பூஜையில். படிக்கவும் கூடாது, எழுதவும் கூடாது. பயப்படுவதைத் தவிர வேறு வேலையே இல்லை. அந்த மூக்குக்குள் ஊசி ஊசியாகப் பத்துப் பன்னிரண்டு கம்பிகள் இருந்ததைப் பார்த்திருந்தேன். எந்தப் பக்கம் மேலே இருந்தது? அதைப் பார்க்கவில்லை. குளிக்கும்போது, சாப்பிடும்போது, துணி காயப்போடும்போது இதே நினைப்பு. வீட்டுக்கு ஒரு வரி எழுதி மனசை ஆற்றிக்கொள்ளலாம் என்றால் பேனாவும் இல்லை.

விஜயதசமி காலையில் ஏழரைக்கே ஆபீசுக்குப் போய்விட்டேன். பூஜை முடிந்து எடுத்துக்கொள்ளச் சொன்னதும் கீபோர்டைக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்ணாடி அறைக்கு ஓடினேன். மேனேஜர் ஒன்பது மணிக்கு வருவார். திரையின் முதுகுப் பக்கம் இருட்டு. மேஜையில் வயிற்றை அழுத்திச் சாய்ந்து, கண்ணால் பார்க்காமலே கையால் தடவி, மூக்கைத் துளையில் வைத்தேன். போகவில்லை. பாதி போன மாதிரி இருந்தது. மெஷின் அணைந்துதான் இருக்கிறது என்று தெரியும். ஆனாலும் கரண்ட் அடித்துவிடும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அட்டைக்கு மூடின அதே கண்கள்தான். மூடிக்கொண்டு, பலம் கொண்டமட்டும் அழுத்தினேன்.

டிக் என்று ஒரு சத்தம். ரொம்பச் சின்னச் சத்தம்தான்.

ஸ்விட்சைப் போட்டேன். திரை வெளுத்தது. ஒரு கீயைத் தட்டினேன், ஒன்றுமில்லை. இன்னொன்று, ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் தட்டினேன். அணைத்துவிட்டு மூக்கை இழுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். இரண்டு கம்பிகள் வளைந்து படுத்திருந்தன. தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி நிமிர்த்தப் பார்த்தேன். ஒன்று நிமிர்ந்தது. மற்றது முறிந்து என் உள்ளங்கையில் விழுந்தது. ஒரு எறும்பு அளவுகூட இருக்காது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

பிரசாத அவலோடு வந்த அட்டெண்டர் அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவலை மேஜைமேல் வைத்தார். கையை விரித்துக் காட்டினேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நீங்க வாயத் தொறக்காதீங்க. பூஜைக்கு எடுத்தவன் நான், திரும்ப மாட்டறப்ப ஒடஞ்சுபோச்சுன்னு நானே சொல்லிப்போடறனுங்க. பெர்மனென்ட் ஆளு, என்னைய என்ன பண்ணிப்போடுவாங்க?"

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. தங்கையின் முகமும் கூடையும் மட்டும்தான் கண்ணுக்கு முன்னால் நின்றன. சரி என்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டேன்.

மேனேஜர் வந்தார். கோட்டயத்துக்காரர், சத்தம் போடாத மனிதர். கீபோர்டைப் பார்த்தார், மூக்கைப் பார்த்தார், எங்கள் இருவரையும் பார்த்தார்.

"ஆரா இது ஊரியது?" என்றார். யார் இதைக் கழற்றியது என்று கேட்கிறார்.

அண்ணன் சொன்னபடியே சொன்னார். அவர் எதிர்பார்த்ததுபோல ஒரு திட்டோடு அது முடியவில்லை. இந்த அறைக்குள் கால் வைக்கவே அனுமதி இல்லாத ஆள் மெஷினில் கை வைத்ததற்கு இன்றைக்கே சஸ்பெண்ட் செய்ய எழுதுகிறேன் என்று மேனேஜர் மலையாளத்தில் அமைதியாகச் சொன்னார். அண்ணனுக்கும் வீட்டில் நாலு வாய் இருந்தது.

என் வாயிலிருந்து சத்தம் வரும் என்று நானே நினைக்கவில்லை.

"நான்தான் சார் ஊரினேன். உடைச்சதும் நான்தான். பூஜைக்கு வெச்சேன்."

மேனேஜர் கீபோர்டின் ஓரத்தில் காய்ந்திருந்த குங்குமத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். திட்டியிருந்தால் அழுதிருப்பேன். அவர் திட்டவில்லை. தந்தி கொடுக்கச் சொல்லிவிட்டு வெளியே போனார். அண்ணன் தப்பித்தார். எனக்குப் பயம் அப்போதுதான் உண்மையில் ஆரம்பித்தது.

இன்ஜினியர் நாலாம் நாள் வந்தார். கால் மணி நேரத்தில் புது மூக்கு வைத்துவிட்டார். அதில் ஒரு பள்ளம் இருப்பதையும், துளையில் அதற்கேற்ற ஒரு மேடு இருப்பதையும் காட்டி, இரண்டும் சேர்ந்தால் விரல் நுனியால் தள்ளினாலே போய்விடும் என்றார். சரிதான். அதை ஒரு வாரம் முன்னால் காட்டியிருக்கக் கூடாதா மகராசன்?

ஐப்பசி முடிகிற அன்று மேனேஜர் கூப்பிட்டு ஒரு கடிதத்தை டைப் அடிக்கச் சொன்னார். மற்ற இருவரும் அன்று லீவு. கார்பன் வைத்து இரண்டு காப்பி. பிரொபேஷனை இன்னும் ஆறு மாதம் நீட்டித்திருக்கிறது என்று எனக்கு நானே அடித்துக்கொண்டேன். ஒரு எழுத்துப் பிழையும் இல்லை.

ஆறு மாதம் என்றால் சித்திரை. அப்பாவுக்குத் தை. தங்கையின் படிப்புக்கு மாசி. வீட்டுக்கு எப்படி எழுதுவது? கம்பெனியில் எல்லாருக்கும் தள்ளிப்போட்டுவிட்டார்கள் என்று எழுதினேன். மேனேஜர் முன்னால் வந்த உண்மை தங்கைக்கு எழுதும்போது வரவில்லை. தை பிறந்து பத்தாம் நாள் அவளிடமிருந்து இன்லண்டு லெட்டர் வந்தது. பேர் போட்டாச்சு, கூடை புதுசு, நீ கவலைப்படாதே என்று மூன்று வரி.

சித்திரையில் எனக்கு வேலை உறுதியாயிற்று, குவார்ட்டர்சும் கிடைத்தது. அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். தங்கை வரவில்லை. நர்ஸ் படிப்பில் அவள் இடம் போயே போயிற்று. அடுத்த வருஷம் எஸ்டேட்டிலேயே கல்யாணமும் ஆகிவிட்டது. முப்பத்தெட்டு வருஷம் கொழுந்து கிள்ளினாள். இந்த முப்பத்தெட்டு வருஷமும், அவள் கண்ணைப் பார்த்துப் பேசும்போதெல்லாம், இப்போது கேட்டுவிடுவாளோ என்று எனக்குள் உதறும்.

போன வருஷம் என் வீட்டுக்கு வந்திருந்தாள். நான் இதை எழுத உட்கார்ந்தபோது கம்ப்யூட்டரில் கீபோர்டு கழன்றிருந்தது. இப்போதும் சொருக வேண்டுமென்றால் எனக்குக் கை வேர்க்கும். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவளிடம் என்ன தோன்றியதோ, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். செம்பருத்தி வைத்ததிலிருந்து பொய்க் கடிதம்வரை.

ஒயர் நுனியைக் கையில் வாங்கினாள். தேயிலைக் கறை ஏறிய விரல்களால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குனிந்து, துளையில் வைத்தாள். போகவில்லை. எடுத்துப் புரட்டி வைத்தாள். போய்விட்டது.

"போகலன்னா திருப்பி வெச்சுப் பாக்கணும்க்கா," என்றாள். "கண்ணை மூடிக்கிட்டா அமுக்குவாக?"