கெங்கம்மாள் காயப்போட்ட துணிகள்

லண்டன்காரர்கள் மண்சட்டியில் சாமைச் சோறு பொங்கித் தின்ற அழகைப் பார்த்துக் கெங்கம்மாளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மலையில் பிறந்தவர்களே ரேஷன் அரிசிக்கு மாறி எத்தனையோ வருஷம் ஆகிறது. இவர்கள் என்னடாவென்றால் ஜமுனாமரத்தூர் சந்தையில் சாமை வாங்கி வந்து, களியாகக் குழையவிட்டு, அதைச் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்தார்கள். அப்புறம் ஆளுக்கு இரண்டு வாய் தின்றுவிட்டு, வேலூரிலிருந்து வரவழைத்த ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டார்கள். மிச்சச் சோறு கெங்கம்மாளின் கோழிகளுக்குப் போனது. கோழிகூட முதல் நாள் கொஞ்சம் யோசித்துத்தான் கொத்தியது.

மோகன் கண்ணமங்கலத்து வம்சம்தான். ஆனால் பிறந்தது, படித்தது, பெண் கட்டியது எல்லாம் லண்டனில். மனைவி ஜூலியா அசல் வெள்ளைக்காரி. மகள் ரோசிக்கு ஏழு வயது. எளிமையாக வாழப் போகிறோம் என்று போன வருஷம் மூவரும் நாவக்கொட்டாய்க்கு வந்து, ஊருக்கு அரை மைல் தள்ளி, எல்லைக்குள்ளேயே ஒரு சரிவில் ஒரு ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். அந்த எளிமைக்கு ஒரு ஜெனரேட்டர் வேண்டியிருந்தது. தண்ணீர் சுத்தம் செய்ய இரண்டு மிஷின் வேண்டியிருந்தது. பெருக்கி, கழுவி, துவைத்துப் போட கெங்கம்மாள் வேண்டியிருந்தது. வாரம் ஒரு தடவை தட்டைத் தாங்களே கழுவுவதுபோல வீடியோ எடுப்பார்கள். எடுத்து முடித்ததும் அதே தட்டைக் கெங்கம்மாள் இன்னொரு தடவை கழுவுவாள், ஏனென்றால் அதில் எண்ணெய் அப்படியே இருக்கும்.

“இதுங்களுக்குப் பொழுது போகலடி. அதான் ஏழையா வேஷம் கட்டுதுங்க” என்று பக்கத்து வீட்டுச் சசிகலாவிடம் சொல்லிச் சொல்லி மாய்வாள்.

கெங்கம்மாளுக்கு அறுபத்தொரு வயது. ஒரு ஏக்கர் மேட்டு நிலம், நாலு புளியமரம், திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போன மகன் வெற்றிச்செல்வன், அவ்வளவுதான் அவள் சொத்து. இந்த ஆடிக்கு அவளுக்கு இன்னொன்றும் கிடைக்க இருந்தது. காளியம்மன் திருவிழாவின் எட்டாம் நாள், முதல் பானை தூக்கிப்போய்ப் பொங்கல் வைக்கும் முறை. ஊரில் ஒன்பது வீட்டுக்கு அந்த முறை உண்டு, வருஷத்துக்கு ஒரு வீடு. போன சுற்றில் அவள் வீட்டு முறை வந்தபோது, திருவிழாவுக்கு ஐந்து நாள் முன்னால் புருஷன் கோவிந்தன் செத்துப்போனான். தீட்டு. பானை அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. அதற்கு முந்தின சுற்றுகளில் மாமியார் உயிரோடு இருந்தாள், அவள் தூக்கினாள். ஆக, வாழ வந்து நாற்பது வருஷத்தில் கெங்கம்மாள் ஒரு தடவைகூட அந்தப் பானையைத் தொட்டதில்லை. இந்தத் தடவை விட்டால் எழுபது வயதில்தான். அதுவரை இருப்போமா என்ன? கலசப்பாக்கம் போய்ப் புதுப்பானை வாங்கி, சுண்ணாம்பும் செம்மண்ணும் பட்டை அடித்து, வீட்டு மூலையில் துணி போட்டு மூடி வைத்திருந்தாள். தினம் ஒரு தடவை துணியை விலக்கிப் பார்த்துக்கொள்வாள்.

காப்புக் கட்டுக்கு முதல் நாள் ஊர்க்கவுண்டர் மாதையன் வழக்கம்போல அறிவித்தார். காப்புக் கட்டியபின் எட்டு நாளும் யாரும் ஊர் எல்லைக்கு வெளியே இரவு தங்கக்கூடாது. வெளியாட்கள் இருந்தால் பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிட வேண்டும். இருந்தே தீருவேன் என்றால் அவர்களும் காப்புக் கட்ட வேண்டும், அவர்களுக்கு உள்ளூரில் ஒரு வீடு பொறுப்பேற்க வேண்டும். அவர்கள் தவறினால் குற்றம் அந்த வீட்டின் மேல்.

“நாங்களும் கட்டிக்கிறோம்! நாங்க இந்த ஊர்தான்” என்று துள்ளினான் மோகன்.

“பொறுப்பு யாரு?” என்றார் மாதையன்.

மோகன் கூட்டத்தைப் பார்த்தான். பிறகு கெங்கம்மாளின் கையைப் பிடித்து இழுத்தான். “இவங்கதான். கெங்கம்மாக்காதான் எங்க குடும்பம். இவங்க இல்லன்னா நாங்க இல்ல.”

ஊரே பார்த்தது. அவ்வளவு நாளும் அவர்களைக் கரித்துக் கொட்டினவளுக்கு அந்த ஒரு வார்த்தையில் உச்சி குளிர்ந்துவிட்டது. அதுதான் அவள் செய்த மடத்தனம். “நம்ம புள்ளைங்கதான். நான் இருக்கறேன்” என்று தலையை ஆட்டிவிட்டாள். மறுநாள் மூன்று லண்டன் மணிக்கட்டுகளிலும் மஞ்சள் கயிறு ஏறியது. ஜூலியா கண் கலங்கினாள். கேமரா அதையும் எடுத்துக்கொண்டது.

அது செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில் கெங்கம்மாள் வேலைக்குப் போனபோது காரில் பெட்டி ஏறிக்கொண்டிருந்தது.

“எங்க தம்பி கெளம்பிட்டீங்க?”

“பெங்களூர்க்கா. ரோசியோட ஃப்ரெண்டுக்குப் பர்த்டே. மூணே நைட். திங்கக்கெழம வந்துடுவோம்.”

கெங்கம்மாள் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள். “இன்னா தம்பி சொல்றீங்க? காப்புக் கட்டிக்கினு ராத்திரி வெளிய தங்கக்கூடாதுன்னு அவ்ளோ சொன்னாரே!”

மோகன் சிரித்தபடி கையைத் தூக்கிக் காட்டினான். “கயிறு கையிலயேதான் இருக்குக்கா. கழட்டவே மாட்டோம். ப்ராமிஸ்.”

அவன் புரிந்துகொண்டது அவ்வளவுதான். கயிறு கையில் இருந்தால் போதும், ஆள் எங்கே கிடந்தாலும் சரி. அதை எந்த மொழியில் இவனுக்கு விளக்குவது? “என் பானை போய்டும் தம்பி” என்று கெஞ்சினாள். “பொறுப்பு நான் ஏத்துக்கினு இருக்கறேன். வேணான்னா கேளுங்க.” அவன் அவள் தோளைத் தட்டி, “யாருக்கும் தெரியாதுக்கா” என்றான். கார் ஆலங்காயம் பாதையில் இறங்கி மறைந்தது.

பாவி. வாயில் வராத வார்த்தையெல்லாம் வந்தது கெங்கம்மாளுக்கு. திட்டி முடித்து, மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு, அந்த வீட்டு அலமாரியைத் திறந்தாள். மடித்து வைத்திருந்த ஜூலியாவின் கவுனையும் மோகனின் சட்டையையும் ரோசியின் பாவாடையையும் எடுத்து வாளியில் முக்கிப் பிழிந்தாள். ஊர்ப்பக்கம் தெரிகிற கொடியில் வரிசையாகக் காயப்போட்டாள். பிறகு அடுப்பில் ஈர விறகைத் திணித்துப் புகையவிட்டாள். சரிவுக்குக் கீழே நின்று பார்த்தால் குடும்பம் குத்துக்கல்லாக வீட்டில் இருக்கிறது.

வயல் வேலைக்கு வந்த சசிகலா கேட்டாள்: “கார எங்கக்கா காணோம்?”

“ரிப்பேரு. வாணியம்பாடிக்கு உட்டுருக்குது.”

“வெள்ளக்காரம்மாவும் வெளியவே வரல?”

“வயித்தால போவுது. மூணு பேருக்கும்.”

சசிகலா நல்லவள். சாயங்காலமே மாதுளைத் தோல் கஷாயம் வைத்து ஒரு செம்பில் கொண்டுவந்தாள். “சூடா குடிக்கச் சொல்லுக்கா. நானே உள்ள வந்து குடுக்கட்டா?”

“ஐயையோ, வேணாம். வாடை தாங்காது.” செம்பை வாங்கி உள்ளே போன கெங்கம்மாள், கொட்டினால் வாசனை காட்டிக்கொடுத்துவிடும் என்று அத்தனையையும் தானே குடித்துத் தீர்த்தாள். சனிக்கிழமையும் வந்தது ஒரு செம்பு. அதையும் குடித்தாள். நாற்பது வருஷம் ஊரில் ஒரு பொய் சொன்னதில்லை. யாருக்காக இந்தக் கசப்பு! முகம் தெரியாத ஒரு பிள்ளையின் கேக்குக்காக. லண்டனில் அத்தனை படித்தும் இவர்களுக்கு ஒரு வாக்கைக் காப்பாற்றத் தெரியவில்லையே என்று காறித் துப்பினாள். துப்பிய கையோடு அடுத்த செட் துணியை நனைக்கப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஊரில் செல்போன் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் கோயில் மைதானம். பந்தல் வேலை நடந்துகொண்டிருந்தது. கெங்கம்மாளும் அங்கேதான் மாவிலை கட்டிக்கொண்டிருந்தாள். மாதையனின் பேத்தி காவியா கல்லூரியில் படிக்கிறவள், திடீரென்று கத்தினாள்: “ஏ, நம்ம லண்டன் மாமா புது வீடியோ போட்டுக்கிறாரு!”

எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். பளபளவென்று ஒரு பெங்களூர் ஓட்டல். பலூன். ரோசி வாய் முழுக்கக் கேக். மோகன் மணிக்கட்டைக் கேமராவின் முன்னால் நீட்டிப் பெருமையாகச் சொன்னான்: “எங்க ஊர்ல திருவிழா. நாங்க இப்போ காப்புல இருக்கோம். நேத்துதான் இங்க வந்தோம்னு தோணுது, ரெண்டு நாள் ஓடிடுச்சு!”

சசிகலா மெதுவாகத் திரும்பிக் கெங்கம்மாளைப் பார்த்தாள். “அப்போ என் கஷாயம்?” என்றாள்.

கெங்கம்மாள் மாவிலையைக் கீழே வைத்தாள். “நான் குடிச்சேன்” என்றாள்.

“அவங்க மேல ஒரு குத்தமும் இல்ல” என்றார் மாதையன். “அவங்க வெளியாளுங்க, அவங்களுக்கு இன்னா தெரியும்? நீ உள்ளூரு. உனக்குத் தெரியும். போனதும் வந்து சொல்லிருந்தா ஒரு பரிகாரம் பண்ணிருக்கலாம். மறைச்சிட்டியே கெங்கம்மா. மொத பானை அடுத்த முறைக்காரங்க வூட்டுக்குப் போவட்டும்.”

அடுத்த முறை சசிகலா வீடு. அவள் வேண்டாம் என்று அழுதாள். அழுது என்ன பயன், முறை முறைதான். செவ்வாய்க்கிழமை மேளம் சரிவு வரை கேட்டது. கெங்கம்மாள் கூட்டத்தின் பின்வரிசையில் நின்று கும்பிட்டுவிட்டு வந்தாள்.

மறுநாள் காப்பு அவிழ்த்த பிறகு மோகனும் ஜூலியாவும் அவள் வீட்டுக்கே வந்தார்கள். யாரோ சொல்லியிருக்க வேண்டும். மோகனின் முகம் கவலையாகத்தான் இருந்தது. “அக்கா, ஊர்ல எங்க மேல கோவமா இருக்காங்களா?”

“இல்ல தம்பி. உங்க மேல குத்தம் இல்லன்னுட்டாரு கவுண்டரு. என் மேலதான்.”

“அப்பாடா!” என்று நெஞ்சில் கையை வைத்தான் மோகன். அதை அப்படியே இங்கிலீஷில் ஜூலியாவுக்குச் சொன்னான். அவளும் பெருமூச்சு விட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்ட கண் அப்படியே மூலைக்குப் போனது. துணி விலகி, பட்டை அடித்த பானை தெரிந்தது. அவள் அவன் காதில் ஏதோ சொன்னாள்.

“அக்கா, அந்தப் பானை இனிமே சும்மாதான இருக்கும்? ரொம்ப அழகா இருக்காம். கிச்சன்ல வெச்சா வீடியோவுல நல்லா இருக்கும்ங்கிறா. கொடுப்பீங்களா?”

கெங்கம்மாள் இடுப்பிலிருந்த அவர்கள் வீட்டுச் சாவியை அவிழ்த்து அவன் கையில் வைத்தாள்.

“கவுண்டரு சொன்னது செரிதான் தம்பி. நீ எங்க ஊரு இல்ல. எங்க ஊரா இருந்தா இந்நேரம் உனக்கு வெக்கமா இருந்துருக்கும்” என்றாள். அவர்கள் வாசலில் நின்றுகொண்டிருக்கும்போதே அந்தப் பானையை எடுத்துக் குடத்துத் தண்ணீரை ஊற்றி, அடுப்பில் ஏற்றி, ஒரு படி ரேஷன் அரிசியைக் களைந்து போட்டாள்.

“துணியெல்லாம் கொடியிலயே கெடக்குது. மழ வருது, போயி எடுத்துக்கோங்க.”