உள்ளங்கையில் ஒரு நேரம்

கோவை கலெக்டர் ஆபீசில் உள்ளூர் கேபிள் சேனல்களைக் கண்காணிப்பது அவருடைய வேலை. ஒல்லியான மனிதர், மடிப்பு கலையாத அரைக்கைச் சட்டை. திரையில் ஏதாவது தப்பாக வந்தால் நோட்டைத் தேடமாட்டார். இடது உள்ளங்கையில் நேரத்தை எழுதிக்கொள்வார்.

லாரியில் அடிபட்ட தம்பியை மடியில் போட்டு நான் அலறியதை ஒரு சேனல் திரும்பத் திரும்பக் காட்டியது. புகார் கொடுத்தேன். அன்று மாலையே நிறுத்தவைத்தார்.

"சேனல்ல நிறுத்திப்போட்டேனுங்க அம்மணி."

"அதே வீடியோ எல்லார் போன்லயும் ஓடுதுங்களே?"

அவர் கையை மூடிக்கொண்டார். "டிவின்னா ஆளைக் கூப்பிட்டுக் கேக்கலாமுங்க. போனுக்கு நான் யாரைக் கூப்புடறதுங்க?"

ஆறு மாதம் கழித்து, கோபிக்குப் போகும் பஸ்ஸில், பக்கத்து வரிசையில் எனக்கு முன்சீட்டில் அவர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. பின்னால் யாருடைய போனிலோ ஒரு குரல் கேட்டது: "கண்ணு, எந்திரிடா கண்ணு!"

என் குரல்தான்.

அவர் திரும்பவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். பேனாவை எடுத்து உள்ளங்கையில் நேரத்தை எழுதினார்.

அதை யாரிடம் கொடுக்கப் போகிறார்? கோபியில் இறங்கும்வரை அந்தக் கை அவர் மடியில் விரிந்தே கிடந்தது.