பானையோட்டின் இலக்கம்

சனிக்கிழமை காலை 9.40. வெக்ஸ்போர்ட்டில் பஸ் ஏறினேன். கட்டணம் மூன்று டொலர் முப்பது சதம். சுரங்க ரயிலுக்கு மாறி ஷெர்போர்னில் இறங்கி, சென் ஜேம்ஸ் ரவுணுக்கு ஐந்து நிமிடம் நடந்தேன். அடுக்குமாடியின் வாசலில் அன்ரனி அண்ணை காத்து நின்றார். மன்னார்க்காரர். இளவயதில் மாந்தைப் பக்கம் வெள்ளைக்காரரின் அகழ்வுக் குழிகளில் மண் சுமந்தவர். கடைசி நாளன்று, கழுவி மையால் இலக்கமிட்டு வைத்திருந்த பானையோடுகளில் ஒன்றைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். இன்று அதைக் கைலேஞ்சித் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"உதை அந்த மனுசியிட்டைக் குடுத்துப்போட வேணும், தம்பி. நான் செத்தால் பிள்ளையள் குப்பையிலை எறிஞ்சிடுவினம்."

அந்த மனுசி, அன்று உரையாற்றவிருந்த துருக்கிய அகழ்வாய்வாளர். உரை பற்றி அண்ணைக்குச் சொன்னவன் நான்தான்.

11.10. கார்ல்ரன் வீதியில், தண்டவாளத்தில் ஓடும் ஸ்ட்ரீட்கார் ஏறி மண்டபம் போய்ச் சேர்ந்தோம். உரை, தேய்ந்துகொண்டிருந்த ஒட்டோமான் பேரரசில் ஐரோப்பியர் தோண்டிய கதை. கடனிலும் போரிலும் அரசு திணற, வந்தவர்கள் அனுமதியோடும் இல்லாமலும் சிலைகளைக் கப்பலேற்றினார்கள். பிறகு அந்த அரசே அருங்காட்சியகம் கட்டி, சொந்தமாக அகழ்ந்து, கண்டெடுத்தது எதுவும் வெளியே போகக்கூடாது என்று சட்டம் போட்டது. மாகாணங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகும்போது கல்லையாவது காப்போம் என்ற அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருந்தது.

"கள்ளர்," என்றேன், ஐரோப்பியரை நினைத்து. அண்ணையின் கை கோட்டுப் பையைத் தொட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

உரை முடிந்ததும் அந்தப் பெண் பானையோட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். தன்னால் அதை ஏற்க முடியாது, இலங்கைக்குத் திருப்பி அனுப்பக் கடிதம் எழுதித் தரலாம் என்றார். ஆனால் அதில் இலக்கம் இருந்திருக்க வேண்டுமே என்று கேட்டார். எந்தக் குழி, எத்தனையாம் மண்ணடுக்கு என்று சொல்வது அதுதான். அது இல்லாவிட்டால் வெறும் பழைய ஓடு.

"இருந்தது," என்றார் அண்ணை. "பிளேன் ஏற முதல் சவுக்காரம் போட்டுத் தேய்ச்சு அழிச்சனான். பிடிபட்டால் கள்ளன் எண்டுவாங்கள் எண்டு பயம்."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். இலக்கம் நினைவிருக்கிறதா என்று அந்தப் பெண் மெதுவாகக் கேட்டார். அண்ணை தலையாட்டி மறுத்தார்.

2.20. திரும்பும் ஸ்ட்ரீட்காரில் ஓடு அவர் உள்ளங்கையில் இருந்தது. மண்டபத்தில் 'கள்ளர்' என்ற சொல்லை ஏன் சொன்னேன் என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

"பிளேனுக்குள்ளை பாஸ்போட்டையும் கிழிச்சுத்தான் போட்டனான், தம்பி. திருப்பி அனுப்பாமல் இருக்க அகதியா வந்த கனபேர் அப்பிடித்தானே. அந்தப் பாஸ்போட் நம்பர் இப்பவும் பாடம்." ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லிக் காட்டினார். பிறகு ஓட்டின் தேய்ந்த பக்கத்தைப் பெருவிரலால் தடவினார்.

"உதின்ரை நம்பரை அழிக்க முதல் ஒருக்கால் வாசிச்சுக்கூடப் பாக்கேல்லை."