ஏழாம் பாகையில் எங்கள் அண்ணன்

எங்கள் அண்ணன் ஹாலிஎலைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவர். நான் படிக்கவேண்டும் என்று தம் படிப்பை நிறுத்திக்கொண்டார். நான் படித்த இலட்சணம் கீழே தெரியும். பதுளை நகரில் கடிகாரம் திருத்தியே எங்களை ஆளாக்கினார். யாரையும் கடிந்து பேசியதில்லை, என்னைத் தவிர.

ஒருமுறை பழைய சாமான் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா, "இது ஓடவே மாட்டேங்குது, நீங்களே வச்சுக்கங்க" என்று உள்ளங்கையளவு பித்தளைப் பொருளொன்றைக் கொடுத்தார். அது ஓடாதுதான், சட்டைப்பையில் கொண்டுபோகும் சூரியக் கடிகாரம். முந்நூறு ஆண்டுக்கு முன் பிரான்சில் யாரோ ஒரு கைவினைஞர் செய்தது. நடுவே வடக்கு பார்த்து வைக்க ஒரு காம்பஸ், நிழல் விழுத்தும் தகட்டில் ஒரு சிறு பறவை. ஊர் நிலநடுக்கோட்டிலிருந்து எத்தனையாவது பாகையில் இருக்கிறதோ அந்த எண்ணை அதன் அலகு காட்டவேண்டும். எண்கள் நாற்பதில் தொடங்கின. நாம் இருப்பது ஏழில்.

"இறகு இறகா கீறியிருக்கான்டா மனுசன். ஆனா நம்மள கணக்குலயே சேர்க்கல" என்று அண்ணன் சிரித்தார். பிறகு தேயிலை வேரில் சரிவாக ஓர் ஆப்பு செதுக்கி, அதன்மேல் சாய்த்துவைத்து, அதை நம் வெயிலுக்குப் பழக்கினார். எனக்கு ஒரே கட்டளை: "இரும்புப் பக்கத்துல வச்சிராத. காம்பஸ் முள்ளு வடக்க விட்டுட்டு அதப் பாக்கும்."

ஒரு வாரப் பனிமூட்டம் விலகிய அன்று, நோயில் கிடந்த அண்ணனை வாசலில் நாற்காலியில் உட்காரவைத்தோம். "மணி பாருடா. போன்ல இல்ல, அதுல" என்றார். தண்ணீர்ப் பீப்பாயின் மூடியில் வைத்துப் பார்த்து, "பன்னெண்டாக இன்னும் கொஞ்சம் இருக்குண்ணே" என்று திரும்பினேன். தலை சாய்ந்திருந்தது. நாடியைப் பிடித்தேன். "துடிக்குது, துடிக்குது!" என்று லயமே கூடும்படி கத்தினேன். அண்ணி வந்து பார்த்து, "அது உங்க கை தம்பி" என்றார்.

அதன்பின் யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. அன்று நண்பகலில் சதுர்த்தசி முடிந்து அமாவாசை தொடங்கியது. "உயிர் பிரிஞ்சது பன்னெண்டுக்கு முன்னயா, பின்னயா?" என்று ஐயர் கேட்டார். "முன்னதான் சாமி" என்றேன். திதியைச் சதுர்த்தசி என்று எழுதிக்கொண்டார்.

முப்பதாம் நாள் அந்தப் பீப்பாயில் கைகழுவும்போதுதான் உறைத்தது: மூடி இரும்பு. அன்று முள் எதைப் பார்த்ததோ, மணி பன்னிரண்டு தாண்டியிருந்ததோ. ஓராண்டு வாயைத் திறக்கவில்லை. வருடத் திதி நெருங்கியபோதுதான் அண்ணியிடம் சொல்லி அழுதேன். அவர் ஏசவில்லை.

"ரெண்டு திதியிலயும் இலை போட்டுப் படைப்போம். ஒரு நாள் தப்பினா மனுசன் பட்டினியா போயிருவாரு."

தூக்கிச் சுமந்தவர்களுக்கும், மழையில் குழி வெட்டியவர்களுக்கும், அடுப்பு மூட்டவிடாமல் சோறு கொண்டுவந்த அயல் காம்பிரா வீட்டாருக்கும் எங்கள் நன்றி. திதிக்குத் தயவுசெய்து இரண்டு நாளும் வாருங்கள். பீப்பாயை லயத்துக்குப் பின்னால் உருட்டிவிட்டேன். இனி எதற்கு என்று மட்டும் கேட்காதீர்கள்.