தூக்கத்திலும் நகர்ந்த வரிசை

இன்று பகல் ராயபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில், தலை முழுக்கப் பசை தடவி ஒயர் ஒட்டிக்கொண்டு படுத்திருந்தேன். மூளை அலையை வைத்துத் தூக்கக் கோளாறைக் கண்டுபிடிக்கும் சோதனை.

போன வாரம் துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் லாரி வரிசையில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண் அசந்து, முன்னால் நின்ற கண்டெய்னர் லாரியை முட்டிவிட்டேன். டாக்டர் சொல்லும்வரை வண்டியைத் தொடாதே என்றுவிட்டார் ஓனர்.

ஏசி அறை, மெத்தை. தூக்கம் மட்டும் வரவில்லை.

"இன்னாண்ணா, கொட்டக் கொட்ட முழிச்சிகினு கீறீங்க?" என்றார் சோதனை செய்யும் பெண்.

"இஞ்சின் சத்தம் இல்லாங்காட்டி எனுக்குத் தூக்கம் வராதும்மா."

அப்போது துறைமுக வரிசையில் நின்ற தோஸ்து மணிக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தோம். அவன் லாரி உறுமியது.

மிதந்தேன். இரண்டு பக்கமும் கடல். கண்டெய்னர்கள் பஞ்சுபோல் அசைந்து போயின. தூரத்தில் துறைமுக கேட் மின்னியது. நெருங்கினேன்.

"அண்ணா, எந்திரிங்க."

திரையில் கோடுகளைக் காட்டினார். "போன்ல வண்டி நகர்றப்போ எல்லாம் உங்க மூளை முழிச்சிக்குது. வலது காலும் ஆக்சிலேட்டரை அமுக்குற மாரி அசையுது. நாளைக்கி போன் இல்லாம வாங்க."

முன்வண்டி நகரும்போது நாம் நகராவிட்டால் குறுக்கே ஒருவன் நுழைந்துவிடுவானே!

பதினெட்டு வருடமாக வரிசையில் தூங்குகிறேன். கனவில் ஒரு தடவைகூட அந்தக் கேட்டைத் தாண்டியதில்லை. லாரி ஓட்டும் உங்களில் யாராவது கனவில் தாண்டியிருக்கிறீர்களா?