முன்சக்கரத்து ஷாக்குகள்

தையல்காரம்மாவுக்குப் புருஷன் செத்து மாதங்கள் ஓடியும் அழுகை வரவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப் போனார்கள். கல்நெஞ்சுக்காரி என்று ஒருத்தி காதுபடவே சொல்லிவிட்டுப் போனாள். சொல்லட்டும், யாருக்கு நஷ்டம்? நெஞ்சு மரத்துத்தான் போயிருந்தது. சாப்பிட்டாள், தூங்கினாள், வந்த துணிகளைத் தைத்துக் கொடுத்தாள்.

மனுஷன் இருந்தவரை அந்தத் தாத்தா காலத்துக் காரைத்தான் கட்டிக்கொண்டு அழுதார். அதில் இருப்பதெல்லாம் கம்பெனியிலிருந்து வந்த அசல் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்வார். போலி ஷாக் அப்சார்பர் மாட்டியவன் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். அப்படியொரு கிறுக்கு.

அவருக்கு நோய் முற்றிய நேரம் பார்த்து, முன்சக்கரத்து ஷாக் இரண்டும் எண்ணெய் ஒழுகி வீணாய்ப் போயின. வண்டி குதிக்கிற குதியில் அவரை எப்படி ஏற்றுவது? அவரோ ஒரே ஒரு தடவை சுற்றி வரலாம் என்று நச்சரித்துக்கொண்டிருந்தார். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மெக்கானிக்கைக் கூப்பிட்டு, அசலைப் பார்த்துச் செய்த புதுசு இரண்டை மாட்டச் சொன்னாள். கழற்றியவற்றைச் சாக்கில் சுற்றிக் கார் கொட்டகை மேஜைக்கடியில் தள்ளினாள். வீடு திரும்பியதும் சுற்றி வந்தார்கள்.

"பாத்தியா, அசல்னா அசல்தான். மெத்தை மாதிரி போகுது" என்றார்.

நோய்க்கு முன்பே வண்டி முழுக்க அசல்தான் என்ற சான்றிதழ் கேட்டு அவர் எழுதிப்போட்டிருந்ததற்காக, இப்போது பழைய கார் சங்கத்திலிருந்து ஆள் வந்திருந்தார். புருஷனுடைய கூட்டாளிதான், சங்கத்தில் 'பூதக்கண்ணாடி' என்றால்தான் தெரியும். வண்டிக்கடியில் மல்லாந்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். குட்டு உடைந்தால் செத்தவரைப் பார்த்துச் சங்கமே சிரிக்கும். நான் செய்யவில்லை என்று அவர் எழுந்து வந்தா சொல்லப்போகிறார்? பயப்பட வேண்டிய நேரம் என்று அவளுக்குத் தெரிந்தது. பயம்தான் வரவில்லை.

"தங்கச்சி, இந்த ரெண்டும் புதுசும்மா. அசல் வார்ப்பு மணல் மாதிரி சொரசொரன்னு இருக்கும். இது வழவழன்னு இருக்கு."

"நான்தாண்ணே மாத்தினேன். அவருக்குத் தெரியாது."

பூதக்கண்ணாடி டார்ச்சை மேலே திருப்பினார்.

"அப்ப எண்ணெய் ஊத்துற மூடி மட்டும் எப்படிம்மா பழைய பித்தளை? புதுசுல இரும்பு மூடிதான் வரும். மேலாகப் பாத்தா மூடிதான் கண்ணுல படும். என்னை ஏமாத்தறதுக்குன்னே யாரோ அசல்லேருந்து கழட்டி இதுல போட்டிருக்காங்க."

அவள் மெக்கானிக்கிடம் அப்படி எதுவும் சொல்லவில்லை. மேஜைக்கடியிலிருந்து சாக்கை இழுத்துப் பிரித்தாள். பழைய ஷாக்குகளில் மூடி இல்லை. தூசி போகாமல் ஓட்டைகளில் துணி அடைத்திருந்தது. நீலக் கட்டம் போட்ட துணி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவருக்குக் கடைசியாகத் தைத்த சட்டையின் வெட்டுத்துண்டு என்று பூதக்கண்ணாடியிடம் காட்டினாள்.

"அப்ப அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. உங்களைக் காட்டிக்குடுக்க மனசு வரல" என்றார் பூதக்கண்ணாடி. "நான் எப்படிம்மா எழுதட்டும்?"

"உள்ளதை எழுதுங்க."

துணியைக் கையில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கோபம் வந்தது. இத்தனை நாளில் முதல்முறையாக ஏதோ ஒன்று வந்தது.

"நிக்கவே முடியாத மனுஷன், எப்படிண்ணே குனிஞ்சாரு? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருந்தா, ஸ்பேனரையாவது நான் பிடிச்சிருப்பேனே."